நூலும் தீர்ப்பும்: தமிழ் ஆய்வேடுகளில் சட்ட மேற்கோள்களையும் துணைநூற்பட்டியலையும் லேடெக் வழி அமைக்கும் நெறி

ஆய்வுச் சுருக்கம்

தமிழியல் ஆய்வுகளில் நீதிமன்றத் தீர்ப்புகளும் சட்டங்களும் முதன்மைச் சான்றுகளாக எடுத்தாளப்படுகின்றன. ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு என்று நூலுக்கு வகுத்த வாய்பாட்டிலேயே அவையும் பதிவு செய்யப்படுவதால், சான்றைத் தேடிச் செல்லும் வாசகர் அதனைச் சென்றடைய முடிவதில்லை. தீர்ப்பின் மேற்கோள் ஒரு முகவரி என்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டு, லேடெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளில் அம்முகவரியைப் பதியும் முறையையும், தமிழ்ப் பெயர் மரபுக்கும் அகரவரிசைக்கும் ஏற்பப் பட்டியல்களை அமைக்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சட்ட மேற்கோள், வழக்குப் பட்டியல், துணைநூற்பட்டியல், லேடெக், பிப்லேடெக், அகரவரிசை

முன்னுரை

விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரம் காவல் நிலையத்தில் 1993-இல் காவல் சித்திரவதைக்கு உள்ளாகி ஒருவர் உயிரிழந்தார். அவ்வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவாகத் தொடங்கி, 2006-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வரை நீண்டது. 2021-இல் வெளிவந்த ‘ஜெய் பீம்’ திரைப்படம் அதனை அடியொற்றியது. வழக்குக்குரிய குடும்பம் குறவர் சமூகத்தைச் சேர்ந்தது. படமோ இருளர் குடியின் கதையாக அதனை அமைத்துக்கொண்டது. திரைக்கதை அவ்வாறு மாற்றிக்கொள்வது படைப்பாளியின் உரிமை. ஆனால் விளிம்புநிலை மக்கள் வாழ்வியலை ஆராயும் ஒருவர், ‘ஜெய் பீம் வழக்கு’ என்று மட்டும் அடிக்குறிப்பிட்டு இருளர் மீதான காவல் கொடுமைக்கு அதனைச் சான்றாக்கினால், படத்தின் செய்தி தீர்ப்பின் செய்தியாக மாறிவிடுகிறது. படத்துக்கு ஒரு பதிவு, தீர்ப்புக்கு மற்றொரு பதிவு என்று பட்டியல் பிரிந்து நின்றிருந்தால் இம்மயக்கம் நேராது.

இதே வழக்கில் இன்னொரு நுட்பமும் உண்டு. நிகழ்வு நடந்தபோது விருத்தாசலமும் திட்டக்குடியும் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தன. அம்மாவட்டம் 1993 செப்டம்பர் 30 அன்று கடலூர், விழுப்புரம் என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. பிரிவுக்கு முந்தைய ஆவணத்தைத் தேடுபவர் தென்னாற்காடு என்றும், பிந்தையதைத் தேடுபவர் கடலூர் என்றும் தேட வேண்டும். ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதுவதிலும் பல வடிவங்கள் வழங்குகின்றன. ஆகவே, வட்டார வழக்காறுகளையும் வாழ்வியலையும் ஆராய்வோருக்கு வழக்கின் பெயர் மட்டும் போதுமான அடையாளமாவதில்லை.

தமிழ்த்துறைகளில் துணைநூற்பட்டியல் என்பது இன்றும் பெரும்பாலும் ஆய்வின் இறுதி வாரத்துப் பணியாகவே இருக்கிறது. தாலுகா அலுவலகத்தின் அருகிலுள்ள கணினித் தட்டச்சு மையத்தில் கையெழுத்துப் படியைக் கொடுத்து, பேஜ்மேக்கரில் பக்கம் அமைத்து வாங்கும் வழக்கம் சிற்றூர் ஆய்வாளருக்குப் பழகியது. அம்மையத்தாரின் கைத்திறனில் குறையில்லை; ஆனால் அகரவரிசையையும் மேற்கோள் எண்ணையும் கையால் சரிபார்த்துக்கொண்டிருக்கும் வரை, ஓர் இயலில் ஓர் அடிக்குறிப்பைச் சேர்த்தால் அடுத்து வரும் அனைத்தையும் திருத்த வேண்டியிருக்கும்.

தீர்ப்புக்கு முகவரி உண்டு, ஆசிரியர் இல்லை

நூலை அடையாளங்காட்டுவது ஆசிரியரும் தலைப்பும். தீர்ப்பை அடையாளங்காட்டுவது அது வெளியான தீர்ப்புத் தொகுப்பின் ஆண்டு, தொகுதி எண், தொகுப்பின் பெயர், தொடக்கப் பக்கம் ஆகிய நான்கும். ‘எஸ். ரங்கராஜன் எதிர் பி. ஜெகஜீவன் ராம், (1989) 2 எஸ்.சி.சி. 574’ என்பதை எடுத்துக்கொள்வோம். ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்னும் தமிழ்த் திரைப்படத்துக்கு அளிக்கப்பட்ட தணிக்கைச் சான்றிதழை உயர் நீதிமன்றம் நீக்க, உச்ச நீதிமன்றம் 1989 மார்ச் 30 அன்று அதனை மீட்டளித்த தீர்ப்பு இது. ‘சுப்ரீம் கோர்ட் கேசஸ்’ என்னும் தொகுப்பின் 1989-ஆம் ஆண்டு இரண்டாம் தொகுதியில் 574-ஆம் பக்கத்தில் இத்தீர்ப்பு தொடங்குகிறது என்பதே இக்குறிப்பின் பொருள். இதே தீர்ப்பு உச்ச நீதிமன்றத்தின் அதிகாரமுறைத் தொகுப்பில் ‘1989 எஸ்.சி.ஆர். (2) 204’ என்று இடம்பெறுகிறது. முகவரிகள் இரண்டு, தீர்ப்பு ஒன்று. இதனை அறியாதவர் இரு நூல்களிலிருந்து இரு குறிப்புகளை எடுத்தெழுதி, கருத்துரிமைக்கு ஆதரவாக இரு தீர்ப்புகள் உண்டு எனக் கணக்கிட்டுவிடக் கூடும்.

முகவரியின் நான்கு உறுப்புகளும் எல்லாத் தொகுப்புகளிலும் ஒரே வலிமை உடையன அல்ல. 1876 முதல் வெளிவரத் தொடங்கிய இந்தியன் லா ரிப்போர்ட்ஸ் சென்னை வரிசையின் பழைய தொகுதிகளுக்குத் தொடர் எண் உண்டு. வ.உ.சிதம்பரம் பிள்ளையின் இராஜதுரோக வழக்கு மேல்முறையீடு அவ்வரிசையின் 32-ஆம் தொகுதியில் 3-ஆம் பக்கத்தில் உள்ளது. தீர்ப்பளிக்கப்பட்டது 1908-இல், தொகுதி 1909-க்கு உரியது. எனவே சிலர் 1908 என்றும் சிலர் 1909 என்றும் குறிக்கின்றனர். தொகுதி எண் 32 என்று எழுதப்பட்டிருந்தால் இம்முரண் தேடலைத் தடுக்காது. ஆண்டு மட்டும் எழுதப்பட்டிருந்தால் தேடுபவர் வெறுங்கையுடன் திரும்ப நேரிடும். எஸ்.சி.சி. தொகுப்பில் நிலைமை நேர்மாறானது. அங்கு ஒவ்வோர் ஆண்டும் தொகுதி எண் ஒன்றிலிருந்து தொடங்குவதால், ஆண்டில்லாத ‘2 எஸ்.சி.சி. 574’ முகவரியே ஆகாது. 1914 முதல் வரும் ஆல் இந்தியா ரிப்போர்ட்டரில் ஆண்டே தொகுதி எண்ணாகவும் நிற்கிறது, ‘ஏ.ஐ.ஆர். 1951 எஸ்.சி. 226’ என்பதில் (சென்னை மாகாணம் எதிர் செண்பகம் துரைராஜன் வழக்கு) தனித் தொகுதி எண் இல்லை.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகச் சட்டப்புலத்தில் 2000-இல் உருவான ஓஸ்கோலா நெறி இவ்வேறுபாட்டை அடைப்புக்குறியின் வடிவத்தாலேயே உணர்த்துகிறது. தொகுதியைக் கண்டறிய ஆண்டு இன்றியமையாததாயின் சதுர அடைப்பு. தொடர் எண் தனியே இருந்து ஆண்டு வெறும் தகவலாக நிற்குமாயின் வட்ட அடைப்பு. இந்திய வழக்கு இதனைக் கண்டிப்பாகப் பின்பற்றுவதில்லை, எஸ்.சி.சி. ஆண்டை வட்ட அடைப்பிலேயே இடுகிறது. ஓஸ்கோலா நெறியை அப்படியே தமிழுக்குப் பெயர்ப்பதைவிட, தொகுப்பு எவ்வாறு தன்னைக் குறிக்கச் சொல்கிறதோ அவ்வாறே குறிப்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆய்வாளரின் கடமை அடைப்புக்குறியின் அழகு அன்று. வாசகர் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்பதே.

2023 முதல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளுக்குத் தொகுப்பு எதையும் சாராத நடுநிலை மேற்கோள் எண் வழங்கி வருகிறது. ஆண்டு, நீதிமன்றக் குறி, வரிசை எண் என்பது அதன் அமைப்பு. தமிழ் ஆய்வாளருக்கு இதனால் விளையும் நன்மையைச் சல்லிக்கட்டு வழக்குகளே காட்டும். கலித்தொகையின் முல்லைக்கலியை முன்னிறுத்தி ஏறு தழுவுதலை ஆராயும் கட்டுரைகளில் ‘உச்ச நீதிமன்றத் தீர்ப்பு’ என்று பொதுப்படக் குறிக்கும் வழக்கம் உண்டு. ஆனால் தீர்ப்புகள் இரண்டு. 2014 மே 7 அன்று வந்த ‘இந்திய விலங்குகள் நல வாரியம் எதிர் ஏ. நாகராஜா’, (2014) 7 எஸ்.சி.சி. 547, ஏறு தழுவுதல் என்னும் சொல்லின் பொருளையே எடுத்து வாதிட்டு, சல்லிக்கட்டு தமிழ் மரபுக்கு உரியதன்று என்னும் முடிவுக்கு வந்தது. 2023 மே 18 அன்று வந்த ‘இந்திய விலங்குகள் நல வாரியம் எதிர் இந்திய ஒன்றியம்’, 2023 ஐ.என்.எஸ்.சி. 548, என்னும் ஐவர் அமர்வுத் தீர்ப்பு அக்கருத்தை ஏற்கவில்லை. தமிழ்நாட்டின் திருத்தச் சட்டத்தை நிலைநிறுத்தியது. முதல் தரப்பினர் இரண்டிலும் ஒருவரே. முகவரியற்ற மேற்கோள் இவற்றுள் எதனைச் சுட்டுகிறது என்பது வாசகருக்கு விளங்காது. ஆய்வாளரின் முடிவோ அதனைப் பொறுத்தே நிற்கும் அல்லது விழும்.

தரவு ஓரிடம், வடிவம் வேறிடம்

டொனால்டு கனூத் 1978-இல் டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்கினார். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் கட்டியது லேடெக். 1985-இல் ஓரன் படாஷ்னிக் உருவாக்கிய பிப்டெக் துணைநூற்பட்டியலுக்கு ஓர் எளிய கொள்கையைத் தந்தது: நூல் விவரங்கள் ஒரு தனிக் கோப்பில் புலம் புலமாக இருக்கட்டும், அவை பக்கத்தில் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதை நடைக்கோப்பு முடிவு செய்யட்டும். கட்டுரையாளர் தம் உரையில் ஒரு குறிச்சாவியை மட்டும் எழுதுவார். பின்னர் வந்த பிப்லேடெக் என்னும் தொகுதியும், அதற்குத் துணைசெய்யும் பீபர் என்னும் நிரலும் இக்கொள்கையை யூனிக்கோடு உலகுக்குக் கொண்டுவந்தன.

தமிழுக்குப் பீபர் தேவைப்படுவதன் காரணம் எழுத்தின் அளவிலேயே இருக்கிறது. யூனிக்கோடின் பரவலான குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. பழைய பிப்டெக் ஒரு பைட்டே ஓர் எழுத்து என்று எண்ணுகிறது. ஆசிரியர் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கச் சொன்னால், அது ‘ச’ என்பதன் மூன்றில் ஒரு கூறை மட்டும் வெட்டி எடுக்கும். பக்கத்தில் எழுத்தன்றிக் குப்பைக்குறி விழும். பீபர் எழுத்தை எழுத்தாகவே எடுத்துக்கொள்கிறது. பக்கத்தை அமைக்கும் பொறியாக ஜொனதன் கியூ 2004-இல் வெளியிட்ட சீடெக்கையோ, லுவாடெக்கையோ கொள்ள வேண்டும். லுவாடெக்கைக் கொள்பவர் எழுத்துரு அமைப்பில் ஹார்ப்பஸ் என்னும் உருவமைப்பியைத் தெரிவுசெய்ய மறந்தால், ‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகியவற்றின் கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் சென்று நிற்கும்.

ரங்கராஜன் வழக்கின் பதிவு தரவுக்கோப்பில் எவ்வாறு அமையும் என்பதைக் காணலாம். புலப்பெயர்கள் மென்பொருளில் ஆங்கிலச் சொற்களாக இருக்கும். இங்கு அவற்றின் பொருள் தரப்படுகிறது.

வகை: தீர்ப்பு
குறிச்சாவி: ரங்கராஜன்1989
தலைப்பு: எஸ். ரங்கராஜன் எதிர் பி. ஜெகஜீவன் ராம்
குறுந்தலைப்பு: ரங்கராஜன் வழக்கு
வரிசைத் தலைப்பு: இரங்கராஜன்
நிறுவனம்: உச்ச நீதிமன்றம்
நாள்: 1989-03-30
தொகுப்பு: எஸ்.சி.சி.
தொகுதி: 2
பக்கம்: 574
பக்க முறை: பத்தி
இணை முகவரி: 1989 எஸ்.சி.ஆர். (2) 204

ஈற்றிலுள்ள இணை முகவரி குறிப்புப் புலத்தில் இடப்படுவது. ஒரே பதிவுக்குள் அதனை அடக்குவதால், ஒரு தீர்ப்பு இரண்டாக எண்ணப்படும் பிழைக்கு இடமில்லை. பக்க முறை என்னும் புலம் பெரிதும் கவனிக்கத்தக்கது. அடிக்குறிப்பில் வெறும் எண்ணைத் தந்தால் பிப்லேடெக் அதனைப் பக்கமாகக் கொண்டு ‘ப.’ என்பதை முன்னிடும். தீர்ப்புகளில் பத்தி எண்ணே நிலையானது. பக்க எண் தொகுப்புக்குத் தொகுப்பு மாறும். பக்க முறையைப் பத்தி என ஒருமுறை குறித்துவிட்டால் எண் தானே ‘பத்தி’ என்னும் முன்னொட்டைப் பெறும். இப்புலம் அடி, செய்யுள், பிரிவு முதலிய மதிப்புகளையும் ஏற்கும். சங்கப் பாடலுக்கு அடி, குறளுக்குச் செய்யுள், சட்டத்துக்குப் பிரிவு என்று அந்தந்த மூலத்தின் பதிவிலேயே அளவுமுறையை எழுதிவைக்கலாம். சட்டத்துறையினரைவிடத் தமிழ்த்துறையினருக்கே இப்புலம் மிகுதியாகப் பயன்படும் என்பது என் கருத்து.

எச்சரிக்கை ஒன்றையும் இங்குச் சொல்ல வேண்டும். பிப்லேடெக்கில் தீர்ப்புக்கும் சட்டத்துக்கும் தனிப் பதிவு வகைகள் உண்டெனினும், அதன் பொது நடைகள் அவ்விரண்டையும் ‘பிற’ என்னும் வகையாகவே கொண்டு அச்சிடுகின்றன. எனவே தொகுதி எண் தலைப்பின் முன்னே வருமா பின்னே வருமா என்பதை நடைக்கோப்பில் நாமே வரையறுக்க வேண்டும். பால் ஸ்டான்லி எழுதிய ஓஸ்கோலா நடைத்தொகுதி இப்பணியை ஆங்கில மரபுக்குச் செய்து தந்திருக்கிறது. தமிழ் நடைக்கோப்பு எழுத விரும்புவோருக்கு அது படித்தறியத்தக்க மாதிரி.

லேடெக் கற்கக் காலமில்லாதவர் ஜோட்டிரோ என்னும் இலவச மென்பொருளில் தரவைச் சேர்த்து வேர்டு கோப்பில் பயன்படுத்தலாம். அதிலும் வழக்கு, சட்டம் ஆகியவற்றுக்குத் தனி வகைகள் உள்ளன. சேர்த்த தரவைப் பின்னர் லேடெக்குக்கு மாற்றிக்கொள்ளவும் இயலும்.

தரப்பினர் பெயரும் ஆசிரியர் பெயரும்

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ தொடர்பாகச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலை 5 அன்று அளித்த தீர்ப்பு இன்று நாவல் ஆய்வுகளில் தவறாது இடம்பெறுவது. நீதிப்பேராணை மனு எண்கள் 1215, 20372/2015 ஆகியவற்றின் மீதானது அது. ‘எஸ். தமிழ்ச்செல்வன் எதிர் தமிழ்நாடு அரசு’ என்பது வழக்கின் பெயர். மனுதாரரான எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வனின் நூல்களும் அதே ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலில் இடம்பெறக் கூடும். நூலாசிரியராக அவர் ‘தமிழ்ச்செல்வன், ச.’, வழக்கின் தரப்பினராக ‘எஸ். தமிழ்ச்செல்வன்’. இரண்டையும் ஒன்றாக்க முயல வேண்டியதில்லை. வழக்கின் பெயர் நீதிமன்றப் பதிவேட்டில் உள்ளவாறே நிற்க வேண்டிய ஆவணப் பெயர். ஆசிரியர் பெயர் தமிழ் நூல் முகப்பில் உள்ளவாறு நிற்க வேண்டியது.

பிழை நேர்வது தரப்பினரை ஆசிரியர் புலத்தில் எழுதும்போது. பிப்டெக் மரபு ஒரு பெயரின் ஈற்றுச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொண்டு முன்னே திருப்பும். அவ்வாறு திருப்பினால் ‘தமிழ்நாடு அரசு’ என்பது ‘அரசு, தமிழ்நாடு’ ஆகும். ஆகவே தரப்பினர் பெயர்கள் தலைப்புப் புலத்துக்கே உரியன. தீர்ப்பெழுதிய நீதிபதியை ஆசிரியராக்குவதும் பொருந்தாது; தீர்ப்பு நீதிமன்றத்தின் குரல். நீதிபதியின் மொழிநடையே ஆய்வுப் பொருளாயின் அவர் பெயரை அடிக்குறிப்பில் தரலாம்.

இவ்விடத்தில் நூலாசிரியர் பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். ‘உ. வே. சாமிநாதையர்’ என்பது ‘சாமிநாதையர், உ. வே.’ என்று திரும்புவது நம் மரபுக்கு இசைந்ததே. மேலைநாட்டு மென்பொருள் தந்தை பெயரின் முதலெழுத்தை ‘முதற்பெயர்’ என்று கருதிக்கொண்டாலும் விளைவு சரியாகவே அமைந்துவிடுகிறது. ‘மறைமலை அடிகள்’ அவ்வாறன்று. காப்பின்றி எழுதினால் ‘அடிகள், மறைமலை’ என்று அச்சாகி, ‘அ’கரத்தில் சென்று அமரும். பெயர் முழுவதையும் கூடுதலாக ஓர் இரட்டை வளைவடைப்புக்குள் இட்டால் மென்பொருள் அதனைப் பிரிக்காது. அரசு, பல்கலைக்கழகம், கழகம் முதலிய நிறுவனப் பெயர்கள் ஆசிரியர் இடத்தில் வரும்போதும் இக்காப்பு வேண்டும்.

பழைய தொகுப்புகளில் தமிழ்ப் பெயர்கள் படும்பாடு தனிக் கட்டுரைக்குரியது. இராமநாதபுரம் சேதுபதி சமஸ்தானத்தின் தத்தெடுப்பு வழக்கு, மூர் தொகுத்த இந்திய மேல்முறையீடுகளின் 12-ஆம் தொகுதியில் (1868) 397-ஆம் பக்கத்தில் உள்ளது. அதில் முத்துராமலிங்க சேதுபதி ‘மூட்டூ ராமலிங்க சதுபதி’ என்று படிக்கத்தக்கவாறு எழுத்துக்கூட்டப்பட்டிருக்கிறார். தமிழ் ஆய்வேட்டில் அவரை ‘மூட்டூ’ என்று அச்சிடுவது நகைப்புக்கிடமாகும். ஆனால் தேடுபவருக்கு அந்த எழுத்துக்கூட்டலே திறவுகோல். தலைப்பில் திருந்திய தமிழ் வடிவமும் குறிப்புப் புலத்தில் தொகுப்பின் வடிவமும் இருத்தல் நலம்.

அகரவரிசை

துணைநூற்பட்டியலின் அகரவரிசையைக் கணினியிடம் ஒப்படைத்தவர் பலர் ஏமாற்றமடைந்திருப்பர். யூனிக்கோடில் தமிழ் எழுத்துகளின் குறியெண் வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை அன்று. அங்கு ‘ந’வை அடுத்து ‘ன’, ‘ர’வை அடுத்து ‘ற’, ‘ல’வை அடுத்து ‘ள’, ‘ழ’ என்று வைக்கப்பட்டு, அவற்றின் பின்னரே ‘வ’ வருகிறது. ‘ஜ’ என்பது ‘ச’வுக்கும் ‘ஞ’வுக்கும் இடையில் உள்ளது. குறியெண்ணைக் கொண்டு வரிசைப்படுத்தினால், ‘ன’ ‘ப’வுக்கு முந்துவதால் அன்பழகன் அப்பருக்கு முன் வருவார். ‘ற’ ‘ழ’வுக்கு முந்துவதால் மறைமலை மழவராயருக்கு முன் வருவார். இரண்டும் தமிழ் முறைக்கு மாறானவை.

புள்ளியால் விளையும் குழப்பம் இன்னும் ஆழமானது. மெய்யெழுத்து யூனிக்கோடில் தனிக் குறியன்று. அகரமேறிய எழுத்தும் புள்ளியும் சேர்ந்ததே மெய். அப்புள்ளிக்குரிய எண் உயிர்க்குறிகளின் எண்களுக்கெல்லாம் பின்னே வைக்கப்பட்டிருப்பதால், குறியெண் வரிசையில் ‘க்’ என்பது ‘கௌ’வுக்கும் பின்னே செல்லும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி ‘அக்கம்’ முதலிய சொற்களை ‘அகம்’ என்பதற்கு முன் வைக்கும் மரபை நாம் அறிவோம். அம்மரபுப்படி பக்தவத்சலம் முன்னும் பகவதி பின்னும் வர வேண்டும். குறியெண் வரிசை அதனைத் தலைகீழாக்கும்.

பீபர் குறியெண்ணை நம்பி வரிசைப்படுத்துவதில்லை. மொழிதோறும் வேறுபடும் வரிசை விதிகளை அது அறியும். தமிழுக்குரிய விதியும் அவற்றுள் ஒன்று. வரிசைமொழி தமிழ் என்று அமைப்பில் ஒரே வரியில் குறித்தால், மெய் உயிர்மெய்க்கு முன்னும், ழகர ளகர றகர னகரங்கள் வகரத்துக்குப் பின்னும் முறையாக நிற்கும். ‘ஜ’ முதலிய வடவெழுத்துகள் னகரத்துக்குப் பின் சென்று சேரும். இப்பயன் யூனிக்கோடு எழுத்துருவில் தட்டச்சு செய்த தரவுக்கே கிட்டும். பழைய எட்டுபிட்டு எழுத்துருக்களில் அமைந்த கோப்புகள் கணினிக்குத் தமிழாகவே தெரிவதில்லை. அங்குக் கொம்பு எழுத்துக்கு முன்னே தட்டப்படுவதால் ‘கெ’யும் ‘செ’யும் கொம்பின்கீழ் ஒன்றாகத் திரளும். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிக்கோடைத் தகுதரமாக அறிவித்த பின்னரும் அத்தகைய கோப்புகள் நம் ஆய்வேடுகளில் உலவுகின்றன. அவற்றை முதலில் மாற்றிக்கொள்ளாமல் மேற்செல்ல வழியில்லை.

மென்பொருளின் விதிக்கு அடங்காதன சில உள. ரகரம் மொழிமுதலாகாது என்னும் இலக்கணத்தைப் பின்பற்றி ‘இராமலிங்கம்’ என்று ஒரு நூலும், ‘ராமலிங்கம்’ என்று மற்றொரு நூலும் அச்சிட்டிருக்கும். ஒருவரே பட்டியலின் இரு கோடிகளில் நிற்பார். மேலே காட்டிய பதிவில் வரிசைத் தலைப்பு ‘இரங்கராஜன்’ என்று இருப்பது இதற்காகவே: அச்சில் ஆவணத்தின் வடிவம் தோன்றும், வரிசை மட்டும் நாம் சொன்ன இடத்தைக் கொள்ளும். வழக்கின் பெயர் முன்னெழுத்தோடு தொடங்கும்போது, அதனை விலக்கி இயற்பெயரால் வரிசைப்படுத்தவும் இப்புலமே துணை. இல்லையெனில், எஸ். என்னும் முன்னெழுத்தை உடைய அனைவரும் ‘எ’கரத்தில் கூடுவர்.

எழுத்து வடிவும் சுருக்கக் குறிகளும்

ஆங்கிலச் சட்ட நெறிகள் வழக்கின் பெயரைச் சாய்வெழுத்தில் இடுகின்றன. தமிழ் அச்சு மரபில் சாய்வெழுத்து இயல்பாக வளர்ந்ததன்று. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அவ்வடிவம் இல்லாமையால் லேடெக் ஓர் எச்சரிக்கையைத் தந்துவிட்டு நேரெழுத்தையே இடும். கணினி வலிந்து சாய்த்த எழுத்தில் சுழிகளும் கொம்புகளும் சிதைந்து தோன்றுகின்றன. வழக்குப் பட்டியலில் தடித்த எழுத்தும், அடிக்குறிப்பில் ஒற்றை மேற்கோள் குறியும் போதும்.

‘எதிர்’ என்னும் இணைப்புச் சொல்லைச் சுருக்க வேண்டியதில்லை. ‘மேலது’, ‘ப.’, ‘பக்.’, ‘பதி.’ போன்றவற்றை நடையின் சொற்கோப்பில் ஒருமுறை எழுதிவைத்தால் மென்பொருள் ஏற்ற இடங்களில் தானே இடும். அடுத்தடுத்த அடிக்குறிப்புகள் ஒரே மூலத்தைச் சுட்டும்போது ‘மேலது’ தோன்றுவதும், இடையே வேறொரு மூலம் புகுந்தால் குறுந்தலைப்பு மீள்வதும் அதன் பொறுப்பு. இயல்களை இடம் மாற்றும்போது ‘மேலது’ என்பது தவறான நூலைச் சுட்டிக்கொண்டு நிற்கும் பழம்பிழை இதனால் நீங்குகிறது. சல்லிக்கட்டு வழக்குகளைப் போன்று முதல் தரப்பினர் ஒருவராகவே அமையும் இடங்களில் குறுந்தலைப்பை இரண்டாம் தரப்பினரைக் கொண்டு அமைக்க வேண்டும்: ‘நாகராஜா வழக்கு’, ‘இந்திய ஒன்றிய வழக்கு’.

சட்டங்களும் மொழிபெயர்ப்பும்

சட்டத்துக்குப் பெயர், ஆண்டு, சட்ட எண், பிரிவு ஆகியவை வேண்டும். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் அவ்வாண்டின் 45-ஆம் சட்டம். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் 2023-ஆம் ஆண்டின் 45-ஆம் சட்டமே. எண்ணை மட்டும் எழுதி ஆண்டை விடுவோருக்கு இத்தற்செயல் ஒற்றுமை இடர் தரும். வ.உ.சி. வழக்கைப் பற்றி எழுதுபவர் 124அ என்று குறிப்பது பழைய சட்டத்தின் பிரிவையே. இன்றைய சட்டத்தின் எண்ணால் அதனை மாற்றி எழுதக் கூடாது. அரசமைப்புக்குப் ‘பிரிவு’ என்பதைவிட ‘உறுப்பு’ என்னும் சொல் பொருந்தும். பக்க முறைப் புலத்தில் அதற்குத் தனி மதிப்பு இல்லாமையால் அச்சொல்லைக் கையால் இட வேண்டும்.

அரசமைப்பின் 348-ஆம் உறுப்பின்படி உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நடவடிக்கைகளின் மொழி ஆங்கிலம். எனவே தமிழ் ஆய்வேட்டில் தீர்ப்பின் வாசகம் எங்கு வந்தாலும் அது ஒரு மொழிபெயர்ப்பே. உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகள் சிலவற்றின் தமிழ்ப் பெயர்ப்பையும் வெளியிடுகிறது. அதனை எடுத்தாண்டால் அவ்வாறே குறிக்க வேண்டும். ஆய்வாளரே பெயர்த்திருந்தால் ‘மொழிபெயர்ப்பு ஆய்வாளருடையது’ என்னும் குறிப்பு அடிக்குறிப்பில் வருதல் வேண்டும். சொல்லாய்வில் இது சிறு செய்தி அன்று. நாகராஜா வழக்கில் ஏறு தழுவுதலின் பொருளை ஆங்கிலத்தில் விளக்கும் வாசகத்தை மீண்டும் தமிழாக்கும்போது, ‘தழுவு’ என்னும் வினையை நீதிமன்றம் கொண்ட பொருளில் தருகிறோமா, முல்லைக்கலியில் நாம் கற்ற பொருளில் தருகிறோமா என்பது மாறிவிடக் கூடும். அவ்விடத்தில் பத்தி எண்ணோடு மூல வாசகத்தையும் அடிக்குறிப்பில் தருவதே நேர்மையான வழி.

பட்டியல்களை அச்சிடும்போது தீர்ப்பு வகையை மட்டும் வடிகட்டி ‘வழக்குப் பட்டியல்’ என்றும், சட்ட வகையை வடிகட்டிச் ‘சட்டப் பட்டியல்’ என்றும், எஞ்சியவற்றைத் ‘துணைநூற்பட்டியல்’ என்றும் அமைக்கலாம். தரவுக்கோப்பு ஒன்றே, அச்சிடும் ஆணை மூன்று. திரைப்படங்கள் மிகுதியாக உள்ள ஆய்வேட்டில் அவற்றுக்கும் நான்காவதாக ஒரு பட்டியல் தகும். எஸ்.சி.சி., எஸ்.சி.ஆர்., ஏ.ஐ.ஆர். போன்ற தொகுப்புப் பெயர்களின் விரிவு சட்டத்துறைக்கு வெளியே உள்ளவர்க்குத் தெரியாதாகையால், குறுக்க விளக்கம் ஆய்வேட்டின் முகப்பில் வர வேண்டும். சட்ட நூல்களில் வழக்குப் பட்டியல் முன்னே நிற்பது வழக்கம்; தமிழ் ஆய்வேட்டில் அதனைத் துணைநூற்பட்டியலுக்குச் சற்று முன்னர் வைப்பதே நம் வாசகருக்குத் தேட எளிது.